அத்தை வீட்டார் வருகிறார்கள்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "அத்தை எந்தத் தேதிக்கு வருகிறார்களாம்?" என்பதுதான். எங்கள் அத்தை சென்னைக்கு வாழ்க்கைப்பட்டவர். அரையாண்டு விடுமுறை விட்டதும் மாமாவையும் பிள்ளைகள் மூவரையும் அழைத்துக்கொண்டு ஓமந்தூருக்கு வந்துவிடுவார். கிறிஸ்து பிறப்பு விழாவை எங்களோடு கொண்டாடிவிட்டு, புத்தாண்டு கழிந்த பின்தான் திரும்புவார். சென்னையில் யாரிடமாவது ஊர்ப்பெயரைச் சொன்னால், "ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த ஓமந்தூரா?" என்று கேட்கிறார்களாம். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில்தான் அந்த மருத்துவமனை இருக்கிறது. அவருடைய ஊர்தான் எங்கள் ஊர் என்று அத்தை விளக்கி முடிப்பதற்குள் பேருந்து வந்துவிடுமாம்!

மற்ற ஆண்டுகளில் விருந்தினருக்காக வீட்டைத் தயார் செய்வது எங்களுக்கு விளையாட்டுப் போல. ஒட்டடை அடிப்போம், பரணிலிருந்து தலையணைகளை இறக்குவோம், முறுக்கு மாவைத் திருட்டுத்தனமாகத் தின்போம். 2024ஆம் ஆண்டு அப்படி அமையவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விலகிப் போகாமல் அங்கேயே நின்று பெய்தது. எங்களுக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை என்று செய்தியில் சொன்னார்கள். விடியுமுன் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் அரிசி மூட்டைகளைப் பெஞ்சின்மேல் ஏற்ற, நாங்கள் மூவரும் பள்ளிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றோம். அடியிலிருந்த மூட்டை நனைந்துவிட்டது. கட்டிலுக்கடியில் இருந்த குடில் பெட்டியை யாரும் நினைக்கவே இல்லை. வயலைப் பற்றி இங்கே எழுதவில்லை. அப்பாவும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தண்ணீர் வடிந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அண்ணிக்கு போன் பண்ணி இந்த வருஷம் வர வேணாம்னு சொல்லிடுங்க" என்பதுதான். அப்பா பேசாமல் இருந்தார். நாங்கள் ஆயா என்று அழைக்கும் அப்பாவின் தாயார்தான் பதில் சொன்னார். "போன வருஷம் புயல்ல அவ வீட்டுல தண்ணி நின்னப்போ, கெளம்பி வாடின்னு கூப்பிட்டோம். இப்ப நம்ம வீட்டுல நின்னா வராதேன்னு சொல்றதா? வரட்டும்."

ஆயா சொன்னது 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை. அப்போது அத்தை வீட்டில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. அவர்கள் இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் எதையும் கேட்கக்கூடாது என்று அம்மாதான் எங்களுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

ஆயிற்று, வருவது உறுதி. இருபது நாட்களே இருந்தன.

வெள்ளம் வந்த வீட்டைக் கழுவுவதற்கு ஒரு முறை உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் வடியும்போதே, அந்தத் தண்ணீரோடு சேற்றையும் வாசலுக்குத் தள்ளிவிட வேண்டுமாம். கூடத்தை ஆயா நின்று அப்படித் தள்ள வைத்தார். உள்ளறையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் விட்டோம். மறுநாள் அந்தச் சேறு தரையோடு ஒட்டிக் காய்ந்துபோயிற்று. தேங்காய்த் தொட்டியாலும் பழைய அரிவாளாலும் நான்கு நாட்கள் சுரண்டினோம். எங்கள் கையெழுத்து அந்த வாரம் முழுவதும் கோணலாக இருந்ததற்கு இதுவே காரணம் என்பதை ஆசிரியைகள் அன்புகூர்ந்து அறியவும்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். குடிக்கும் தண்ணீரையெல்லாம் கொதிக்க வைத்தோம். இலவம்பஞ்சு மெத்தைகள்தான் பெரும்பாடு. தையலைப் பிரித்துப் பஞ்சை மாடியில் உலர்த்தினோம். ஓரளவு உலர்ந்து வரும் வேளையில் டிசம்பர் 12, 13 தேதிகளில் மறுபடியும் பலத்த மழை! பள்ளி விடுமுறை என்று தம்பி குதித்தான். அம்மா பஞ்சுக் குவியலைப் பார்த்தபடி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் மாவட்டத்தில் குடும்ப அட்டை ஒன்றுக்கு 2,000 ரூபாய் வெள்ள நிவாரணம் கொடுத்தார்கள். அதில் கோரைப்பாய் ஐந்தும், போர்வை இரண்டும், சுண்ணாம்பும் வாங்குவது என்று ஆயா முடிவு செய்தார். சுண்ணாம்பைப் பற்றி அப்பாவுக்கு மனக்குறை. கடையில் விற்கும் பளபளப்பான பெயின்ட் ஒரு டப்பா கடனுக்கு வாங்கலாம் என்றார். ஆனால் கொத்தனார் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே இன்னும் ஈரம் இருக்குதுங்க. பெயின்ட் அடிச்சா ஈரம் வெளியே வர வழியில்லாம கொப்புளம் கொப்புளமா கிளம்பிடும். சுண்ணாம்புதான் தாங்கும்" என்றார்.

சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டதும் அது சீறிக்கொண்டு கொதித்தது. அடுப்பில்லாமல் கொதிக்கும் தண்ணீரைத் தம்பி அன்றுதான் பார்த்தான். கிட்டே போகவொட்டாமல் அவனைப் பிடித்துக்கொள்வதே ஒரு வேலையாயிற்று. இரண்டு நாள் ஊறிய பிறகு பழைய சேலைத் துணியில் வடிகட்டி, சிறிது நீலமும் உப்பும் கலந்து, மட்டையால் அடித்தோம். அடிக்கும்போது வெள்ளையே தெரியவில்லை. ஏமாந்துபோய் உறங்கிவிட்டோம். காலையில் பார்த்தால் கூடம் பால்போல் இருந்தது.

ஆனால், முழங்கால் உயரத்தில் வீட்டைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு! வெள்ளம் நின்ற கோடு. இரண்டாம் முறை அடித்தோம். மறுநாள் மங்கலாக மறுபடியும் வந்தது. அப்பா அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "வர்றவங்க முதல்ல இதைத்தான் பார்ப்பாங்க" என்றார். அவர் குரல் எங்களுக்கு என்னவோ போல் இருந்தது. பெஞ்சையும் பீரோவையும் நகர்த்தி இரண்டு பக்கச் சுவரை மறைத்தோம். வாசலுக்கு எதிர்ச்சுவரில் அம்மா தம் நீலச் சேலையைக் கொடிபோல் கட்டித் தொங்கவிட்டு, அதன் முன்னே குடில் வைக்கச் சொன்னார்.

குடில் பெட்டியைத் திறந்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. வர்ணம் பூசிய மண் பொம்மைகள். குழந்தை இயேசுவும் மாதாவும் மேலே இருந்ததால் தப்பினர். இரண்டு ஆடுகளும் சூசையப்பரும் கரைந்து ஒரே கட்டியாகிக் கிடந்தனர். புதிது வாங்கப் பணம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

24ஆம் தேதி மதியம் அத்தை வீட்டார் வந்தனர். மாமா தலையில் ஒரு மூட்டை. இறக்கிப் பார்த்தால் பதினைந்து கிலோ அரிசி. அம்மாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. விருந்துக்கு வருகிறவர்கள் அரிசியோடு வந்தால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? "எங்க வீட்டுல அரிசி இல்லைன்னு யார் சொன்னது, அண்ணி?" என்றார். அத்தை பதில் தெரியாமல் திகைத்து நின்றார். ஆயாதான் எழுந்து வந்து மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, "பழைய அரிசிதான். பலகாரத்துக்கு ஆகாது, சோத்துக்கு ஆகும். உலை வை" என்று அம்மாவிடமே கொடுத்தார். அம்மாவும் வாங்கிக்கொண்டார். ஆனால் அன்று மாலை வரை அத்தையோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மாலையில் அத்தையின் கடைக்குட்டி ஒளிந்து விளையாடும்போது அந்த நீலச் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கோடு முழுதும் தெரிந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை சுவரருகே போய்க் கோட்டின் பக்கத்தில் காலை வைத்து அளந்து பார்த்தார்.

"இவ்வளவுதானாடா தம்பி? எங்க வீட்டுல இடுப்பு வரைக்கும் இருக்குது. ஒரு வருஷமாச்சு, நாலு தடவை வெள்ளையடிச்சாச்சு. இன்னும் போகலை."

அப்பா நிமிர்ந்து, "நாலு தடவையா? என்ன பெயின்ட் அடிச்சீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், மாமாவும் அப்பாவும் ஈரத்தைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் பேச ஆரம்பித்தவர்கள், திண்டிவனத்துக்கு நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும் நேரம்வரை ஓயவில்லை. சேலையை எடுத்து மடித்து வைத்த அம்மா, அதையே உடுத்திக்கொண்டு கோவிலுக்கு வந்தார்.

அன்றிரவு ஐந்து பாயில் பத்துப் பேர் படுத்தோம். போர்வைக்காக நடந்த சண்டையை இங்கே விவரிக்க இடமில்லை.

குடிலைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஜெபமாலை சொல்லி முடித்த அத்தை, குடிலின் அருகே குனிந்து உற்றுப் பார்த்தார். "ஏண்டி பெண்களா, உங்க ஊர் சூசையப்பர் ஏன் தோளில் ஆட்டைத் தூக்கிட்டு நிற்கிறார்?" என்று கேட்டார். தப்பிப் பிழைத்த இடையர்களில் ஒருவரைத்தான் மாதாவின் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம்.