அசட்டுத்தனத்தில் எத்தனை நிறம்!

அம்மா "அசடே!" என்றால் அதில் கோபமில்லை. "முட்டாளே!" என்றால் அடி விழப்போகிறது. தமிழில் இதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலக் கட்டுரையில் ஃபூலிஷ், ஸில்லி, ஸ்டுப்பிட் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டுச் சிவப்பு மையை வாங்கிக் கட்டிக்கொள்கிறோம்.

தோழியரே, அகராதியைச் சற்றுப் புரட்டினேன். ஃபூலிஷ் என்பது பெரும்பாலும் செயலைப் பற்றியது. வகுப்பில் முதலாக வருபவளும் பரீட்சைக்கு முந்தின இரவு சினிமாவுக்குப் போகலாம், அது ஃபூலிஷ். ஸ்டுப்பிட் சற்றுக் கடுமையானது, மூளையே மந்தம் என்பது. ஸில்லியோ சிறுபிள்ளைத்தனம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குப் 'பேறு பெற்ற' என்று பொருளாம்! பேறு பெற்றவர் சூதறியாதவரானார், பிறகு இரங்கத்தக்கவரானார், கடைசியில் அசடாகிவிட்டார்.

'டன்ஸ்' என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. 1308-இல் மறைந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி பெரிய மேதை. தேவதாயின் அமல உற்பவத்துக்காக வாதாடியவர். 16-ஆம் நூற்றாண்டில் புதிய கல்வியை விரும்பியவர்கள், அவர் வழி நின்றோரைக் கேலி செய்ய அவர் பெயரையே மண்டூகத்துக்குச் சூட்டிவிட்டார்கள். 1993-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அகராதிதான் இன்னும் விடவில்லை!

இதுவரை சிரித்தபடியே படித்தேன். அடுத்து வந்தவை இடியட், இம்பெஸில், மோரான். இவை ஒரு காலத்தில் மருத்துவர்களின் சொற்கள். மோரான் என்பதை 1910-இல் ஹென்றி காடர்ட் என்ற அமெரிக்க மனநூல் அறிஞர் கிரேக்கத்திலிருந்து எடுத்து உண்டாக்கினார். அறிவின் வயது இரண்டோ அதற்குக் கீழோ என்றால் இடியட். மூன்று முதல் ஏழு வரை இம்பெஸில். எட்டு முதல் பன்னிரண்டு வரை மோரான். அரிசியைத் தரம் பிரிப்பது போல் மனிதரைப் பிரித்திருக்கிறார்கள். மருத்துவர்கள் இச்சொற்களைக் கைவிட்டுவிட்டார்கள். விளையாட்டு மைதானத்தில் நாம் எடுத்துக்கொண்டோம்.

என் தம்பிக்குப் பதினொரு வயது. கூட்டல் வராது. தன் பெயரை எழுதப் பழக ஒரு வருடம் பிடித்தது. ஆனால் எங்கள் தெருவில் யார் வீட்டுச் சைக்கிள் மணி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அந்தப் பட்டியலில் அவன் எந்த வரியில் நிற்பான் என்று என் விரல் தானாகத் தேடியது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

சென்ற மாதம் பஸ்ஸில் ஒருவர் காலை அவன் மிதித்துவிட்டான். "இடியட்!" என்றார் அவர். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. அவரைப் பார்த்துச் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புதுச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அவன் வாயில் அது "இடியாப்பம்" என்று வந்தது. அம்மா சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி