வொண்டர் வுமனும் என் லெட்ஜரும்

2017-ல் வந்த படத்தைப் பற்றி இப்போ என்ன திடீர்னு என்று கேட்பவர்களுக்கு: நேத்து ராத்திரி ஆறாவது முறையாகப் பார்த்தேன். அவ்வளவுதான் காரணம் :-)

ஒவ்வொரு முறையும் நான் காத்திருப்பது ஒரே காட்சிக்குத்தான். முதல் உலகப் போர். பதுங்குகுழி. அந்தப் பக்கம் பெல்ஜிய கிராமம் ஒன்று ஜெர்மன் படையிடம் மாட்டித் தவிக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் டயானாவிடம் கெஞ்சுகிறாள். எல்லாரையும் காப்பாற்ற முடியாது, நாம் வந்த வேலை இதுவல்ல என்கிறான் ஸ்டீவ். நியாயமான கணக்குதான். ஆனால் டயானா அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியில் ஏறிவிடுகிறாள். தோட்டாக்கள் கேடயத்தில் மோதும்போது எனக்கு ஏனோ கண் கலங்கிவிடும்.

பி.காம். படிப்பவள் கணக்கு பார்க்காமல் இருப்பேனா? 2004-ல் கேட்வுமன், 2005-ல் எலக்ட்ரா ஊத்திக்கொண்டதும், நஷ்டத்தை எல்லா நாயகிகள் பெயரிலும் பற்று எழுதிவிட்டார்கள். 2011-ல் க்ரீன் லான்டர்ன் ஊத்தியபோது ஆண்கள் பெயரில் யாரும் எழுதவில்லை! பாட்டி ஜென்கின்ஸ் (பெயர்தான் பாட்டி!) இயக்கிய இந்தப் படம் உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்து அந்தக் கணக்கை நேர் செய்தது.

போன மாதம் வகுப்பில் குழு புராஜெக்ட். "போன வருஷம் ஒரு பொண்ணு பேசி சொதப்பிட்டா. நீ டைப் மட்டும் பண்ணு, பேசறதைப் பசங்க பாத்துப்பாங்க" என்றார்கள். வழக்கம்போல தலையாட்டப் போனவள், "நானே பேசறேன்" என்றேன்.

கை நடுங்கியது. நடுவில் ஒரு ஸ்லைடு விட்டுப்போனது. ஆனாலும் பேசி முடித்தேன்.

அடுத்து வரும் பெண்ணின் கணக்கில் என் பங்குக்கு ஒரு வரவு!