ஆறு மாதத்துக்கு ஒரு மூச்சு

"மூச்ச நல்லா இழுங்க ஐயா. அப்படியே பிடிங்க. ம்… இப்ப விடுங்க."

பண்ருட்டி ஸ்கேன் மையம் ஒன்றின் இருட்டறை. கட்டிலில் படுத்திருப்பவர் காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரி விவசாயி. வலி இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. டீகூடக் குடிக்காமல் மகளோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். ஹெபடைட்டிஸ் பி கிருமி பல ஆண்டுகள் தங்கியதில் அவருடைய கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது. அதில் புற்று முளைக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு நான் உட்கார அவரே சம்மதம் சொன்னார்.

அல்ட்ராசவுண்ட் என்றால் எல்லாம் எந்திரத்தின் வேலை என்றுதான் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது கைவேலை. கல்லீரலின் பெரும்பகுதி விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மூச்சை இழுத்தால் உதரவிதானம் அதைக் கீழே தள்ளும். அந்தச் சில நொடிகளுக்குள் மருத்துவர் ப்ரோபை விலாவுக்கு அடியில் சரித்து மேலே நோக்கிப் பார்த்துவிட வேண்டும். அப்புறம் விலா இடுக்குகள், ஒவ்வொன்றாக. அப்புறம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி. கண் திரையை விட்டு நகரவில்லை. கை மட்டும் இம்மி இம்மியாகத் திரும்புகிறது. சாப்பிட்டு வந்தால் குடலில் சேரும் காற்று படத்தை மறைக்கும், பித்தப்பையும் சுருங்கிவிடும். அதனால்தான் வெறும் வயிறு.

வழுவழுப்பாக இருக்க வேண்டிய கல்லீரலின் விளிம்பு, திரையில் பலாப்பழத் தோல் போல மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. இப்படிச் சுருங்கிய, அதாவது சிரோசிஸ் வந்த, ஈரல் முழுக்க முடிச்சுகள்தான். அத்தனை முடிச்சுகளுக்கு நடுவே போன தடவை இல்லாத ஒன்று இருக்கிறதா என்பதுதான் தேடல். பழைய ரிப்போர்ட்டை ஏன் கேட்டு வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் புரிகிறது.

உதரவிதானத்தை ஒட்டிய உச்சியும், கொழுப்பு படிந்த ஈரலின் ஆழமும் எளிதில் கண்ணில் படாதவை. எனவே கல்லீரல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்பதற்கும் ஏ, பி, சி என்று ஒரு தரம் உண்டு. 'சி' என்றால் பாதிக்கு மேல் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவரிடம் 'கட்டி இல்லை' என்று சொல்லி அனுப்பினால் அதை அப்படியே நம்பிவிட முடியாது.

ஆறு மாதம் என்ற கணக்கு கட்டி வளரும் வேகத்திலிருந்து வந்தது. கல்லீரல் புற்று பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதத்தில் இரட்டிப்பாகிறது. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே ஏதாவது தெரிந்தால் மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன். அதற்கு மேல் போனாலோ, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு 20-ஐத் தாண்டினாலோ சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கல்லீரலுக்குச் சுமார் முக்கால் பங்கு ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தில் வளர்கிறது. ஆகவே மருந்து செலுத்திப் படம் எடுத்தால் கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து, சற்று நேரத்தில் மங்கிவிடும். இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் பல நேரம் ஊசி குத்திச் சதை எடுக்காமலே நோயை உறுதி செய்துவிடலாம். சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் வெட்டி எடுக்கலாம், சூட்டில் பொசுக்கலாம், உறுப்பு மாற்றுக்கும் வழி இருக்கிறது.

இப்படித் தொடர்ந்து பார்ப்பது பலன் தருமா என்பதற்கான பெரிய சோதனை சீனாவின் ஷாங்காயில் நடந்தது. முடிவு 2004-ல் வெளியானது. கல்லீரல் நோய்ப் பின்னணி கொண்ட ஏறத்தாழ 18,800 பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்த பிரிவில் கல்லீரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்தது. அழைத்த தேதிகளில் அறுபது சதவீதத்துக்கும் குறைவாகவே வந்திருந்தும் இந்தப் பலன்.

வருவதுதான் கஷ்டம். சர்க்கரை மாத்திரை தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக 2021 முதல் வாசலுக்கே வருகிறது. ஸ்கேன் எந்திரம் அப்படி வராது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால், பதிவு செய்த இடத்திலிருந்து அதை நினைத்தபடி தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தச் சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. விளைவாக, நோவு எதுவும் தெரியாத மனிதர்தான் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

"கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன் மேடம், சரியாயிடுச்சுன்னு இருந்துட்டேன்" என்கிறார் பெரியவர். மருத்துவர் சிரிக்கவில்லை. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், இந்தக் கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிற நாடுகளில் பின்னர் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இப்போது டெனோஃபோவிர் மாத்திரை, 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். கிருமியை அடக்கும், புற்று அபாயத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஸ்கேன் தொடர வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பொறுக்கி எறியவும் மருத்துவர் சொல்கிறார். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சும் பி கிருமியும் சேர்ந்தால் அபாயம் பல மடங்கு.

புதிய முடிச்சு எதுவும் இல்லை. ஜெல்லைத் துடைத்துக்கொண்டு பெரியவர் எழும்போது மருத்துவர் மகளைப் பார்த்துக் கேட்கிறார்: "நீ ரத்தம் பார்த்துக்கிட்டியாம்மா?" நாடு முழுக்க ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அரசு அட்டவணைக்கு வந்தது 2011-ல்தான், அவள் அதற்கு முன் பிறந்தவள். கிருமி இல்லை என்று வந்தால் மூன்று ஊசி: உடனே ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கடைசி ஊசியையும் அப்பாவின் அடுத்த ஸ்கேனையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.