திறக்காத கோப்பு



கணனியில் ஒரு கோப்பை இரு முறை சொடுக்குகிறீர்கள், திறக்கவில்லை. உடனே ‘பழுதாகிவிட்டது’ என்று அழித்துவிடாதீர்கள்.

கோப்புகளைக் காட்டும் ‘எக்ஸ்புளோரர்’ பெரும்பாலானவற்றைத் தானே திறப்பதில்லை. பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின்னுள்ள விகுதியைப் பார்த்து, உரிய மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. ‘டொக்எக்ஸ்’ என்றால் வேர்டிடம். ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்றால் எக்செலிடம்.

எங்களூரில் வபாத்தான ஒரு வியாபாரியின் கடன் கணக்கு அவரது கணனியில் இருந்தது. சொத்தைப் பங்கிடுமுன் கடன் தீர்க்கப்பட வேண்டுமல்லவா? கோப்போ திறக்கவில்லை. மகன் என்னை அழைத்தார். பெயர் மாற்றும்போது யாரோ விகுதியையும் அழித்திருந்தார்கள். எக்செலில் எழுதிய கணக்கு என்று அவரது உம்மா சொன்னார். விகுதியைச் சேர்த்தோம், திறந்தது. கடன் கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

நீங்களும் முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். விண்டோஸ் 11இல் ‘வியூ’, பின் ‘ஷோ’ சென்று விகுதிகளைத் தெரியச் செய்யுங்கள். விகுதி சரியென்றால், வலது சொடுக்கில் ‘ஓபன் வித்’ மூலம் மென்பொருளைத் தெரிவு செய்யுங்கள். எந்தக் கோப்புமே திறக்காவிட்டால் கணனியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். பென்டிரைவ் ‘போர்மட் செய்யவா?’ என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். பழைய தமிழ்க் கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், பாமினி போன்ற எழுத்துரு இல்லாத குறையாக இருக்கலாம்.

ஒரு கோப்புக்குள் பிறருடைய உரிமையும் இருக்கக்கூடும். அழிப்பதற்கு அவசரப்படாதீர்கள்.