தாதர் முதல் ஷெரீப் கச்சேரி வரை

திருநெல்வேலியிலிருந்து தாதருக்கு வரும் சாளுக்கியா விரைவு வண்டியை எதிர்கொள்ளச் செல்வது மாதுங்கா, தாராவிக் குடும்பங்களுக்குப் புதிதன்று. கருப்பட்டிப் பெட்டியும் அல்வாப் பொட்டலமும் ஊர்ச் செய்தியும் கைமாறும் இடம் அந்த நடைமேடை. ஆனால் அண்மையில் நாம் எதிர்கொண்ட விருந்தினர் ஒரு துணிப்பையை மட்டுமே கொண்டுவந்தார். நம் ஊர்ப்பக்கத்துப் பெரியவர். அண்ணாச்சி என்றே அழைத்துப் பழக்கம். அவருடைய மகன் ஒரு சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். ஏழு மாதச் சம்பளம் நின்றுபோயிற்று. கப்பலோ மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தது. அங்கிருந்து அவன் தந்தைக்கு அனுப்பிய செய்தி ஒரே வரிதான்: 'கப்பலை ஷெரீப் கைது செய்துவிட்டார்.'

பெரியவர் இறங்கியதும் பயணச் சுகம் பேசவில்லை. "கப்பலையே புடிச்சிட்டாவன்னா எம் புள்ளையும் கைதிதானே, தம்பி?" என்றார்.

உடனே விடை சொல்ல நமக்கும் இயலவில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்தும், ஷெரீப் என்றால் மாலை மரியாதைக்குரிய ஒரு பதவி என்ற அளவில்தான் நாம் அறிந்திருந்தோம். வழக்கறிஞர் ஒருவர் அன்று பிற்பகல் கோட்டைப் பகுதிக்கு வரச் சொல்லியிருந்தார். போய்க் கேட்டே விடுவோம் என்று புறப்பட்டோம்.

தாதரில் மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் அருகருகே ஓடுகின்றன. முன்பு இரண்டும் தனித்தனியே ஒன்று, இரண்டு என்று நடைமேடைகளை எண்ணிக்கொண்டிருந்தன. ஊரிலிருந்து வந்தவர்கள் பாலத்தின் மேலும் கீழும் அலைந்ததைச் சொல்லி முடியாது. 2023 டிசம்பரில்தான் இரண்டையும் சேர்த்து ஒன்று முதல் பதினான்கு வரை ஒரே வரிசையாக எண்ணிட்டார்கள். பாலத்தைக் கடந்து மேற்கே இறங்கினால் பூச்சந்தை. சாமந்தியும் மல்லிகையும் கூடை கூடையாகக் குவிந்திருந்தன. பெரியவர் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. சர்ச்கேட் செல்லும் வண்டியில் இடம் கிடைத்ததே அன்றைய முதல் அதிர்ஷ்டம்.

வண்டியில் அவர் மனத்தில் இருந்த ஷெரீப் யார் என்பது தெரியவந்தது. தொப்பியும் நட்சத்திர வில்லையும் இடுப்பில் துப்பாக்கியுமாகத் திரைப்படத்தில் வருவாரே, அவரே! அமெரிக்காவில் அப்படித்தான். அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. நம் மாவட்டம் போன்ற பிரிவு அது. பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டியின் ஷெரீப்பை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர்க்காவல், சிறைச்சாலை, நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றல் எல்லாம் அவர் பொறுப்பு.

பதவியின் பிறப்பிடம் இங்கிலாந்து. 'ஷையர்' என்னும் நாட்டுப் பிரிவுக்கு அரசன் வைத்த 'ரீவ்' என்னும் அதிகாரியே மருவி ஷெரீப் ஆனார். (நம் இஸ்லாமிய அன்பர்களின் பெயரில் வரும் ஷெரீப் அரபுச் சொல், ஒலியைத் தவிர வேறு உறவில்லை.) அரசனுக்கு வரி தண்டியவர் அவரே; ஆகவே ஊரார் அவரை நேசித்திருக்க வழியில்லை. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில், உடையவன் சம்மதமின்றி அவனுடைய குதிரையையோ வண்டியையோ ஷெரீப் எடுத்துக்கொள்ளலாகாது என்றே ஒரு விதி இருக்கிறது. எடுத்துக்கொண்டிருந்ததால்தானே விதி வேண்டியிருந்தது!

அந்தப் பதவி 1726இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் அளித்த சாசனத்தோடு கப்பலேறி வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் மேயர் நீதிமன்றங்களை நிறுவிய சாசனம் அது. நீதிமன்றம் இருந்தால் அதன் கட்டளையைக் கொண்டு செல்ல ஆள் வேண்டுமே. அந்த ஆள் ஷெரீப். பம்பாயில் மேயர் நீதிமன்றத்துக்குப் பின் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது, அதன்பின் சுப்ரீம் கோர்ட்டு, 1862இல் உயர் நீதிமன்றம். நீதிமன்றங்கள் மாறின, ஷெரீப் மாறவில்லை.

காலப்போக்கில் பதவி இரண்டாகப் பிளந்தது எனலாம். ஒன்று பெருமைக்குரியது. நகரப் பிரமுகர் ஒருவரை ஓராண்டுக்கு ஷெரீப்பாக நியமிப்பர். மரியாதை வரிசையில் மேயருக்கு அடுத்த இடம். டாக்டர் பாவு தாஜி 1869லும் 1871லும் ஷெரீப்பாக இருந்தார். நடிகர் திலீப் குமார் 1980லும், கிரிக்கெட் வீரர் சுனில் கவாஸ்கர் 1994லும் அந்த இருக்கையில் அமர்ந்தார்கள். முற்காலத்தில் ஊர்ப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டுமானால் பெருமக்கள் கையொப்பமிட்டு ஷெரீப்பிடம் விண்ணப்பிப்பார்கள். அவர் அழைத்தால்தான் அது நகரத்தாரின் கூட்டம். 1918 டிசம்பர் 11ஆம் தேதி, பதவி முடிந்து செல்லவிருந்த கவர்னர் வில்லிங்டனைப் பாராட்டுவதற்கென்று டவுன் ஹாலில் அப்படியொரு கூட்டம் கூடியது. ஜின்னாவும் அவர் தோழர்களும் முன்னதாகவே சென்று இருக்கைகளைப் பிடித்து எதிர்ப்பு முழக்கமிட, போலீஸ் மண்டபத்தைக் காலி செய்ய நேர்ந்தது. நகரத்தார் என்றால் யார் என்னும் கேள்வி அன்று அந்தப் படிக்கட்டுகளில் எழுந்தது.

நம் சென்னையிலும் இம்மரபு நீண்ட காலம் நிலவிற்று. சமூகத் தொண்டர் மேரி கிளப்வாலா ஜாதவ் 1956இல் அங்கே ஷெரீப்பாக நியமனம் பெற்றார். 1990களின் இறுதியில் சென்னை அப்பதவியைக் கைவிட்டது.

சர்ச்கேட்டில் இறங்கி ஓவல் மைதானத்தைக் குறுக்கே கடந்தோம். எதிரே 1878இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றம், கரிய கற்களோடு கோட்டை போல் நின்றது. அதைக் கண்டதும் பெரியவரின் நடை தளர்ந்தது. வழக்கறிஞரிடம் நெடுங்காலம் பணிபுரியும் குமாஸ்தா ஒருவர், செம்பூர்வாசி, நல்ல தமிழில் பேசி அவரை அமர வைத்தார். பதவியின் மற்றொரு பாதியை நாம் அறிந்தது அவரிடமே.

"நம் ஊர்க் கோர்ட்டில் அமீனா இருக்கிறாரல்லவா? அந்த வேலைதான் இது," என்று தொடங்கினார் அவர். ஷெரீப் நாற்காலியில் எப்பிரமுகர் அமர்ந்தாலும், அமராவிட்டாலும், கச்சேரி ஓடிக்கொண்டே இருக்கும். அதை நடத்துபவர் துணை ஷெரீப். அவருக்குக் கீழே பெய்லிப்புகளும் எழுத்தர்களும். உயர் நீதிமன்றம் நேரடியாக விசாரிக்கும் வழக்குகளில் சம்மன் சார்வு செய்வது, சொத்தை ஜப்தி செய்வது, ஏலமிடுவது ஆகியவை அவர்கள் பணி. அமெரிக்காவில் டெபுட்டி துப்பாக்கி ஏந்துகிறார். இங்கே டெபுட்டி கோப்பு ஏந்துகிறார். ஒரு காலத்தில் இவ்வதிகாரம் தீவு நகரத்தோடு நின்றது. தாதரும் மாதுங்காவும் உள்ளே, செம்பூர் வெளியே. 1945ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் எல்லை விரிந்தது.

கப்பலைக் கைது செய்வதும் இக்கச்சேரியின் வேலையே. சட்டத்தின் பார்வையில் கடன்பட்டது கப்பல். முதலாளி எந்த நாட்டில் ஒளிந்தாலும் கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீதிமன்றம் வாரண்டு பிறப்பித்ததும் ஷெரீப்பின் ஆள் படகேறிச் சென்று, அதைக் கொடிமரத்திலோ பலர் பார்வைக்குப் படும் வேறிடத்திலோ ஒட்டிவிடுவார். துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் தகவல் போகும். அதன்பின் கப்பல் நகர முடியாது. முதலாளி பிணைத்தொகை கட்டினால் விடுதலை. கட்டாவிட்டால் மதிப்பிட்டு, விளம்பரம் செய்து, நீதிமன்ற மேற்பார்வையில் ஷெரீப் விற்றுவிடுவார்.

"அப்போ எம் புள்ள?" என்றார் பெரியவர் மறுபடியும்.

"கைதானது இரும்பு, ஐயா. உங்கள் பையன் இல்லை," என்றார் குமாஸ்தா. ஆயினும் உண்மையை அவர் மறைக்கவில்லை. நங்கூரமிட்ட கப்பலை ஆளின்றி விட முடியாது. புயலும் உண்டு, தீயும் உண்டு. ஆகவே குறைந்தபட்ச ஆட்கள் மேலே இருந்தே தீரவேண்டும். மாற்று ஆட்கள் வரும்வரை, அல்லது நீதிமன்றம் அனுமதிக்கும்வரை, குற்றமேதும் செய்யாத மாலுமிகள் கடலில் காத்திருக்க நேரிடுகிறது. கைதி அல்லன்தான், ஆனால் கரையேற முடியாதவனை வேறு என்னவென்று சொல்வது என்று நமக்குள் கேட்டுக்கொண்டோம்.

பிறகு அவர் 2017ஆம் ஆண்டின் கடல்வழக்குச் சட்டத்தை விளக்கினார். கப்பல் மீதான கடல்சார் பற்றுரிமைகளில் முதலிடம் மாலுமிகளின் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும். கப்பலைக் காத்து விற்ற செலவு போக, எண்ணெய் விற்றவனுக்கும் அடமானம் பிடித்த வங்கிக்கும் முன்பாகக் கப்பலில் உழைத்தவனுக்குப் பங்கு. ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கப்பலைக் கைது செய்யாவிட்டால் அந்தப் பற்றுரிமை அற்றுப்போகும். கடலுக்குப் பிள்ளைகளை அனுப்பியுள்ள குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்வது நலம். இன்னொன்று: 2017 முதல் நடைமுறைக்கு வந்த உலகக் கடல் தொழிலாளர் ஒப்பந்தத் திருத்தத்தின்படி, கைவிடப்பட்ட மாலுமிக்கு நான்கு மாதச் சம்பளம் வரை ஈடு தரும் காப்புறுதிச் சான்று கப்பலில் ஒட்டியிருக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுக் கப்பலேறியதும் அதைப் பார்த்துவிட வேண்டும். சம்பளம் நின்றபின் தேடுவதில் பயன் குறைவு.

பெரியவர் துணிப்பையிலிருந்து பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்தார். மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தன. குமாஸ்தா ஒவ்வொன்றாக விரித்து, பிரதி எடுக்க அனுப்பினார். அடுத்த விசாரணைக்கு இரண்டு வாரம் இருந்தது.

மாலையில் தாதருக்குத் திரும்பினோம். பாலத்தில் நெரிசல், அதன் நடுவே பெரியவரின் கைப்பேசி ஒலித்தது. மகன்தான். நீதிமன்ற உத்தரவின்பேரில் படகில் குடிதண்ணீரும் அரிசியும் வந்து சேர்ந்தனவாம். பேசி முடித்தவர் வெகு நேரம் பாலத்தின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஊருக்குத் திரும்பச் சீட்டு எடுக்கலாமா என்று கேட்டோம்.

"வேண்டாம் தம்பி. விசாரணை முடியட்டும். ரெண்டு வாரம் ஒங்க வீட்டுத் திண்ணை இருக்குல்லா?" என்றார். மாதுங்காவின் மூன்றாம் மாடியில் திண்ணை ஏது! இருக்கிறது என்றோம். பூச்சந்தையில் நின்று, நம் வீட்டாருக்கென்று இரண்டு முழம் மல்லிகை வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டார்.