செஞ்சோற்றுக் கடனும் சேமலாப நிதியும்

வகுப்பறையில் செஞ்சோற்றுக் கடன் என்னும் தொடரை விளக்க நேரும்போதெல்லாம் எமக்கு ஒரு லொறி ஞாபகத்துக்கு வருகிறது. அங்க நாட்டைக் கொடுத்து அரசனாக்கியவனுக்காகக் கர்ணன் உடன்பிறந்தோரையே எதிர்த்து நின்று மாண்டான் என்று சொல்கிறோம். பிள்ளைகள் கண் கலங்குகிறார்கள். நாமும் ஒரு காலத்தில் கலங்கியவர்தாம். இப்போது அந்த இடம் வந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறோம். எமது வாப்பாவும் ஒரு கர்ணன். அவருக்குக் கிடைத்த அங்க நாடு ஆறு சில்லு லொறியொன்றின் சாரதி ஆசனம்.

அறுகம்பே என்றால் வெளியூரவர் கண்ணில் அலைச்சறுக்குப் பலகையும் வெள்ளைக்காரரும் தோன்றக்கூடும். எமக்கு உல்லைக் கரையில் பின்னேரம் ஏற்றப்படும் மீன்தான் தோன்றும். உடைத்த பனிக்கட்டியைப் பெட்டிக்குள் பரப்பி, மீனை அடுக்கி, மேலும் பனிக்கட்டி போட்டு மூடுவார்கள். மஹ்ரிபுக்கு முன் லொறி புறப்படும். லகுகலைக் காட்டு வழியில் யானை மறித்தால் விளக்கை அணைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, விடியுமுன் கொழும்பு மீன்சந்தையில் நிற்க வேண்டும். அரை மணி பிந்தினால் விலை இறங்கிவிடும். மீன் உறங்குவதற்குப் பனிக்கட்டி உண்டு. சாரதி உறங்காதிருப்பதற்குச் சாயத் தேநீர் உண்டு. ஏற்பாடு அவ்வளவுதான். யுத்த காலத்திலோ சோதனைச் சாவடிதோறும் பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தில் மீன் கெட்டால் அந்த ஓட்டத்தின் கூலியில் ஒரு பங்கு குறையும். சாவடியை வைத்தவர் சாரதியல்லர். நட்டத்தில் மாத்திரம் அவருக்குப் பங்கு.

வாப்பாவின் முதலாளியை ஊரார் ஹாஜியார் என்பர். அவரைக் கொடியவராகச் சித்திரித்துவிட்டால் இக்கட்டுரை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அவர் கொடியவரல்லர். எமது உம்மாவின் பிரசவங்களுக்கெல்லாம் வாகனம் அனுப்பியவர் அவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து உல்லையை வாரிக்கொண்டு போனபின், நாம் ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டாந்தரையில் கிடந்தபோது, இடிந்த பாலத்தைச் சுற்றி எப்படியோ வந்து, அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, வாப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதவரும் அவரே. லொறி என்னவாயிற்று என்று அன்று அவர் கேட்கவில்லை. நாம் பல்கலைக்கழகம் புகுந்தபோது முதற் பணம் அவருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது. தம் சாரதிகளின் பிள்ளைகள் அனைவரின் பெயரும் அவருக்குத் தெரியும்.

2014இல், நாம் பட்டம் பெற்று வந்த ஆண்டில், வெல்லவாயவுக்கு அப்பால் விடியற்பொழுதில் வாப்பாவின் கண் ஒரு கணம் மூடிற்று. லொறி மரத்தில் மோதியது. கிளீனர் பையன் சிராய்ப்போடு தப்பினான். வாப்பாவின் வலக்கால் இரண்டிடத்தில் முறிந்தது. அதற்கு முந்திய நான்கு இரவுகளிலும் அவர் ஓட்டத்தில் இருந்தார் என்பதை நாமே எண்ணிப் பார்த்தோம், வேறெவரும் எண்ணவில்லை. ஹாஜியார் வைத்தியசாலைக்கு வந்தார், தோடம்பழம் கொண்டுவந்தார், தனியார் வைத்தியரின் கட்டணத்தையும் கட்டினார். நான்காம் மாதம் அந்த ஆசனத்தில் வேறோர் இளைஞன் இருந்தான். ‘நீ ஆறுதலா வா, ஒனக்கு இஞ்ச எப்பவும் இடமிருக்கு’ என்றார் ஹாஜியார். அந்த இடம் கடைசியில் அவருடைய பனிக்கட்டிக் கொட்டிலில் ஒரு கதிரையாக முடிந்தது.

இருபத்தொன்பது ஆண்டுகள் லொறி ஓடியவருக்குச் சட்டப்படி என்ன உரிமை என்று தேடினோம். தமிழ் படித்த கண்ணுக்குச் சட்டநூல் வறண்டதுதான். எனினும் அன்று அது எம்மை உறங்கவிடவில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தொழிலாளி ஒருவர் மாத்திரம் உள்ள இடத்தையும் தழுவுகிறது. தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12. 1980இல் வந்த நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 செலுத்த வேண்டும். 1934இலேயே, வெள்ளையர் ஆட்சியிலேயே, வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. வாப்பாவின் பெயரில் ஒரு சதமேனும் எங்கும் கட்டப்படவில்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ பதினைந்து தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கே அக்கடமையை விதிக்கிறது. ஹாஜியாரிடம் மூன்று லொறிகளும் ஏழு பேரும். சிறிய இடம், குடும்பம் போன்ற இடம். ஆகவே சட்டமும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிட்டது.

சேமலாப நிதிக்காகவேனும் தொழில் அலுவலகத்தில் முறையிடுவோம் என்று படிவத்தோடு போனோம். வாப்பா கட்டிலில் இருந்தபடி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், வேண்டுமென்றேதான்.

‘என்ட மையத்துக்கு ஹாஜியார் வருவார், மகன். ஒண்ட லேபர் ஒபிஸ் வருமா?’

நாற்பது மாணவருக்கு முன் நின்று பேசும் பட்டதாரிக்கு அன்று விடை வரவில்லை. இன்றும் முழுமையாக வரவில்லை.

1848இல் மார்க்ஸும் எங்கெல்சும் வெளியிட்ட அறிக்கையில், பழைய ஆண்டான் அடியான் பிணைப்புகளை முதலாளி வர்க்கம் ஈவிரக்கமின்றி அறுத்தெறிவது பேசப்படுகிறது. இதை வாசிக்கும் மாணவ நண்பர்கள் அப்பகுதியை அறிவார்கள். எமது கரையோரத்தில் அந்த அறுப்பு பாதியில் நின்றுவிட்டது. கூலி, ஓட்டத்துக்கு இவ்வளவு என்று புதிய முறையில். விசுவாசமோ ஆயுள் முழுவதற்குமாகப் பழைய முறையில். லொறிச் சொந்தக்காரருக்கு இரண்டும் கிடைத்தன. ஹாஜியார் கொடுத்த பணத்தையெல்லாம் ஒருநாள் கூட்டிப் பார்த்தோம். உரிமையாகச் சேர வேண்டியதைவிட அது அதிகமில்லை. ஆனால் உரிமையாக வந்திருந்தால் வாப்பா தலை குனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

எமது மூத்தவாப்பா இதைத் தம் மகனைவிட நன்றாக விளங்கிக்கொண்டவர். தனியார் பஸ் கொம்பனியொன்றில் கிளீனராகத் தொடங்கியவர் அவர். அங்கு வேலை முதலாளியின் முகத்தைப் பொறுத்தது. முகம் கறுத்தால் மறுநாள் வேலை இல்லை. 1958 ஜனவரி 1ஆம் திகதி பண்டாரநாயக்கா அரசாங்கம் பஸ் சேவைகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் ஒப்படைத்தபோது, அவருக்கு ஒரு சேவை இலக்கம் கிடைத்தது. மரணிக்கும்வரை அந்த இலக்கத்தைப் பிழையின்றிச் சொல்வார். எமது பிறந்த திகதியைத்தான் மறந்துவிடுவார். இலக்கம் மனிதனை அழிக்கிறது என்று எழுதும் கவிஞர்களை வாசிக்கையில் மூத்தவாப்பாவை நினைத்துக்கொள்வோம். அவரைப் பொறுத்தவரை, எவருடைய முகத்தையும் பார்க்காமல் வேலைக்குப் போகலாம் என்பதற்கான சாட்சி அந்த இலக்கம்.

அதற்காகக் கொம்பனிகளைக் கொண்டாடவும் எம்மால் இயலாது. எமது மச்சான் ஒருவன் கொழும்பில் கொள்கலன் லொறி ஓட்டுகிறான். 2022இல் டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற நாட்களில் மூன்று இரவும் மூன்று பகலும் வீதியில் கிடந்தான். வரிசையிலேயே உயிர்விட்டோரும் உண்டென்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. அலுவலகத்திலிருந்து பல தடவை அழைப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் வாகனத்தின் இலக்கத்தைச் சொல்லி, அது எங்கே நிற்கிறது என்றே கேட்டார்கள். ஆளைப் பற்றிய கேள்வி இல்லை. இத்தனைக்கும் வாகனம் நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி லொறிக்குள்ளேயே இருக்கிறது. ‘சாப்பிட்டியா எண்டு கேக்க ஆளில்லாத வேலையும் ஒரு வேலையா?’ என்று வாப்பா அவனைக் கேட்டார். ‘கொம்பனிக்கு என்ட பேர் தெரியாது மாமா. ஆனா அந்த மாசமும் என்ட சேமலாப நிதிக்குக் காசு விழுந்திச்சு’ என்றான் அவன். இருவரும் பிறகு நெடுநேரம் பேசவில்லை.

ஆளோடு ஆள் என்னும் உறவு எதுவரை போகும் என்பதை வளைகுடாவுக்குப் போன எமது இளைஞரைக் கேட்டறியலாம். அங்கே வீட்டுச் சாரதிக்குக் கொம்பனி இல்லை, கபீல் உண்டு. வதிவிட அனுமதி அந்த ஒரு மனிதரின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். 2021 மார்ச்சில் சவூதி அரேபியா இந்த முறையைச் சற்றுத் தளர்த்தியபோது, தனியார் துறைத் தொழிலாளர் பலருக்கு வேலை மாறும் வழி திறந்தது. வீட்டுச் சாரதிகளுக்கு அந்தச் சீர்திருத்தம் பொருந்தவில்லை. வீட்டோடு சேர்ந்த ஆளாம் அவர். நல்ல கபீல் வாய்த்தவன் அவரைப் புகழ்ந்து கடிதம் எழுதுகிறான். கெட்டவர் வாய்த்தவனின் கடிதமே வருவதில்லை.

ஹாஜியார் சென்ற ஆண்டு மௌத்தானார். வாப்பாவின் மையத்துக்கு அவர் வரும் நிலை இல்லாது போயிற்று. அவருடைய மையத்துக்கு வாப்பா போனார். ஊன்றுகோலை எம்மிடம் தந்துவிட்டுச் சந்தூக்கில் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். பத்தடி நடந்திருப்பார், பிறகு பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே மூத்த மகன் லொறிகளை விற்றுச் சுற்றுலா வான் இரண்டு வாங்கினான். பனிக்கட்டிக் கொட்டில் பூட்டப்பட்டது. வாப்பாவின் கதிரையை எவனோ ஒருவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அந்தப் பிள்ளைக்கு எமது பெயரும் தெரியாது.

அன்றிரவு சோறு தின்றுகொண்டிருந்த வாப்பா தலை நிமிராமலே கேட்டார்:

‘அந்தக் கடுதாசி இன்னும் இருக்கா?’

எடுத்து வந்து வைத்தோம். தாள் மஞ்சளாகிவிட்டது, வேலைகொள்வோரின் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. கையைக் கழுவிவந்து, இம்முறை நேராகப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்து முடித்து நான்காக மடித்தார்.

‘ஹாஜியார்ட நாப்பதாம் கத்தம் முடியட்டும், மகன்.’

நாற்பதும் கழிந்தது. படிவம் வாப்பாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது.