ஏறும்போது தக்பீர், இறங்கும்போது தஸ்பீஹ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அத்தா நெடுங்காலம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் வஃபாத்தான பிறகு, அந்தக் கடை யாருக்கு என்பதில் உடன்பிறந்த நாங்கள் இருவரும் பிணங்கினோம். எட்டு மாதங்கள் பேச்சில்லை. சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருத்தல் ஆகாது என்ற நபிமொழியை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். இருப்பினும் ஜுமுஆவுக்கு ஒரே பள்ளிக்குச் சென்று, வெவ்வேறு ஸஃப்பில் நின்று, வெவ்வேறு வாசல் வழியாக வெளியேறினோம். குறை யாருடையது என்பதை இங்கே கூறப்போவதில்லை. இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

எங்களைச் சேர்த்து வைத்தவர் இராஜபாளையத்து நண்பர் ஒருவர். சிறுவயதில் அத்தாவின் கடையில் வேலை பழகியவர், பின்னர் நூற்பாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இந்து சகோதரர். குற்றாலச் சாரல் தொடங்கியதும் ஆண்டுதோறும் சைக்கிளில் ஆரியங்காவு கணவாயைக் கடந்து வருவது அவர் வழக்கம். "தம்பி, வயதாகிவிட்டது. இந்த முறை துணைக்கு வாருங்கள்" என்று எங்கள் இருவரையும் தனித்தனியே அழைத்தார். ஃபஜ்ரு தொழுதுவிட்டு இராஜபாளையம் சென்றபோதுதான் ஒருவரையொருவர் கண்டோம். அவர் முகத்துக்காகத் திரும்பிப் போகாமல் நின்றோம்.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 அது. செங்கோட்டை வரை 60 கிலோமீட்டருக்கும் மேல். வலப்புறம் முழுவதும் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் உடன் வருகிறது. எங்கள் ஊர்ச் செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில்கள் வாழும் அதே மலைதான். 2021இல் அக்காடு மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நண்பர் நடுவில் சென்றார். நாங்கள் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகச் சென்றோம். சிவகிரி, வாசுதேவநல்லூர், எலுமிச்சைக்குப் பேர்பெற்ற புளியங்குடி என ஊர்கள் கடந்தன. பேச்சு மட்டும் எழவில்லை.

கடையநல்லூரில் எங்கள் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டில் காலை உணவு உண்டோம். இரண்டு அண்ணன்மாரும் ஒன்றாக வந்ததைக் கண்டு, இடியாப்பத்தை வைத்த கையோடு அடுப்படிக்குள் போய்விட்டாள். அழுகிறாள் என்று மச்சான் மெல்லச் சொன்னார்.

ஊரைத் தாண்டியதும் நண்பர் கேட்டார்: "தங்கச்சிக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டீர்களா? பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு, அதை யாரும் தொடக்கூடாது என்று பாய் கடையில் அடிக்கடி சொல்வாரே."

எங்களிடம் விடை இல்லை. எட்டு மாதங்களாகக் கடை உனக்கா எனக்கா என்று வழக்காடியபோது, அதில் மூன்றாமவர் ஒருவருக்கு அல்லாஹ் பங்கு விதித்திருக்கிறான் என்பதை இருவருமே பேசவில்லை. மறந்தோம் என்று எழுதினால் அது பொய்யாகும். அவள் கேட்க மாட்டாள் என்று தெரிந்திருந்தோம்.

செங்கோட்டைப் பள்ளியில் லுஹரைக் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதோம். நண்பர் வெளியே சைக்கிள்களைக் காத்திருந்தார். 1956 நவம்பர் 1 வரை இவ்வூர் திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்ததையும், 1904இலேயே இக்கணவாய் வழியே கொல்லத்துக்கு ரயில் ஓடியதையும் அவர் எடுத்துரைத்தார். அதுவரை சுவராக வந்த மலை இங்கே தாழ்ந்து வழிவிடுகிறது. மேற்கே, ஏறத்தாழக் கிப்லாவின் திசையிலேயே பாதை ஏறுகிறது.

புளியரையைத் தாண்டி 'எஸ்' வளைவு தொடங்கியது. சரக்கு லாரிகள் உறுமிக்கொண்டு எங்களை ஒட்டியே ஏறின. மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் கூறுவது ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. எங்களில் முன்னே சென்றவர் மூச்சிரைக்க "அல்லாஹு அக்பர்" என்றார். சிறிது நேரம் கழித்துப் பின்னே வந்தவரும் சொன்னார். அல்லாஹ்வே பெரியவன் என்று நா சொல்லும்போது, பத்தடிக்குப் பதினைந்தடிக் கடை நெஞ்சில் பெரிதாக நிற்பது எவ்வளவு வெட்கம் என்பதை அம்மேட்டில் உணர்ந்தோம்.

இரண்டாம் வளைவில் ஒரு சைக்கிள் பஞ்சரானது. நண்பர் சாலையோரக் கல்லில் அமர்ந்துகொண்டார், உதவிக்கு வரவில்லை. ஒருவர் டயரைக் கழற்ற, மற்றவர் ட்யூபைத் தேய்த்தார். ஒருவர் சொல்யூஷன் தடவ, மற்றவர் ஊதி உலர்த்தினார். அத்தா கற்றுக்கொடுத்த வரிசை மாறவில்லை. "பம்பை எடு" என்பதே எட்டு மாதங்களுக்குப் பின் எங்களிடையே எழுந்த முதற்சொல்.

கோட்டைவாசலைக் கடந்து ஆரியங்காவில் அஸ்ர் தொழுதோம். ஈர மண்ணில் நண்பர் தம் மழைத்தாளை விரித்துத் தந்தார். ஒருவர் இமாமாகவும், மற்றவர் அவருக்கு வலப்புறம் ஒட்டியும் நின்றோம். தொழுகை முடிவில் இமாம் வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் கொடுத்தபோது, அங்கே அவர் சகோதரரைத் தவிர வேறு எவரும் இல்லை. குரல் பாதியில் உடைந்தது. எழுந்து முஸாஃபஹா செய்தோம். நெடுநேரம் கையை விடவில்லை.

பிறகு தென்மலை நோக்கி இறக்கம். மிதிக்க வேண்டியதில்லை, பிரேக்கில் விரல் இருந்தால் போதும். "ஸுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினோம். ரயில் செல்லும் 13 கண் பாலம் மழையில் நனைந்து நின்றது. அதன்கீழ் நண்பர் சைக்கிளை நிறுத்தி, "பாய் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்" என்றார். அதற்கு மேல் அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை.

திரும்பும் வழியில் மீண்டும் கடையநல்லூரில் இறங்கினோம். கடை ஐந்து பங்கு; ஆளுக்கு இரண்டு, உனக்கு ஒன்று என்று தங்கையிடம் சொன்னோம். "எனக்கு எதற்கு அண்ணே" என்றாள். இது நாங்கள் தருவதல்ல, உனக்கு அல்லாஹ் வைத்தது என்றோம். அடுத்த மாதமே இடத்துக்கு விலை கணித்து, அவள் பங்கை அவள் கையிலேயே கொடுத்தோம். கடையை இருவரும் சேர்ந்து நடத்துகிறோம்.

இதைப் படிப்பவர்களில் எவரேனும் உடன்பிறந்தாரோடு பேசாதிருந்தால், மலை ஏறத் தேவையில்லை. ஸலாமை முந்திச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் பங்கு உங்கள் கையில் தங்கியிருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். எங்கள் அத்தாவுக்காகவும், எங்களை மலையேற்றிய அந்த நண்பரின் உடல்நலத்துக்காகவும் துஆச் செய்யுங்கள்.